பதிவுக்காரரின் நிழல்

பதிவுக்காரரின் நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவரை விட்டுக் கிளம்பி, நாலு தெரு தள்ளித் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. காவல் துறையின் தொலைபேசி விவரப் பிரிவில் இது புதிதல்ல. யார் யாரோடு எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரத்தை அங்கே கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்டது யார், எதற்கு, அனுமதித்தது யார் என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதாமல் எடுத்தால், எடுத்தவரின் நிழல் அந்த விவரத்துக்குச் சொந்தக்காரரோடு போய்விடும். முன்பு ஓர் ஆய்வாளர் மருமகனின் விவரத்தைக் கமுக்கமாகப் பார்க்கப்போய், அவர் நிழல் இரண்டு வருஷம் மாப்பிள்ளையோடு பஸ்ஸில் போய் வந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டாரா இல்லையா என்பதுதான் ஊரில் பேச்சாக இருந்தது.

அந்தப் பதிவேட்டை வைத்திருந்த பதிவுக்காரர் லேசுப்பட்ட ஆளில்லை. காரணம் எழுதாத தாளைப் பெரிய அதிகாரியிடமே முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்தவர். பதிவில் இருக்கும் பெயர்தான் ஆள், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவரைக் கெடுத்தது ஒரு சிரிப்பு. மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டார். மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, துணியைத் தள்ளியபடியே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிப்பு டக்கென்று நின்றது. “யாரு?” என்றார். “துணி தைக்கக் குடுத்தவங்க” என்றாள். அவ்வளவுதான், அவர் வயிறு பற்றிக்கொண்டது. தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். சிரித்ததாகவே நினைவில்லை.

மறுநாள் அவள் விவரத்தை எடுத்தார், காரணம் எழுதவில்லை. தினமும் மதியம் ஒரே எண். பதிவில் இருந்த பெயர் லாரிப் பட்டறை முதலாளியுடையது. எதிர்க்கடை ஓரமாய் நின்று அந்த ஆளைப் பார்த்தார். ஐயோ, என்ன மீசை! அன்றிலிருந்து இவரும் மீசை வளர்த்தார். அது அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. வீட்டில் மனைவி, நிழல் வந்த மறுநாள் காலையிலேயே, “என்னங்க, உங்க நிழல் ஆபீசுக்குப் போகலையா?” என்று கேட்டாள். “அதுக்கு உடம்பு சரியில்ல, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவளுக்கா விளங்காது? அவள் நிழலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டாள். அவரைத்தான் அது அரித்துத் தின்றது. அவருக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் நிமிஷக் கணக்கு. நிழலோ பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டது. அதற்கு வாய்தான் இல்லை.

அந்தப் பிரிவை மேற்பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் அம்மாளுக்கு வெயிலம்மா என்று பெயர். பதிவேட்டைத் திறப்பதற்கு முன் எல்லோரையும் முற்றத்து வெயிலில் வரிசையாக நிறுத்துவார். மேகம் மூடினால் விலகும்வரை காத்திருப்பார். பதிவுக்காரர் மழையை வேண்டிக்கொண்ட அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் காலடியில் தரை வெறுமையாகக் கிடந்தது. “நீங்களா?” என்றார் வெயிலம்மா. பதிவுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. மனைவிக்கு ஆள் போய், அவள் இரண்டு நிழலோடு வந்து நின்றாள். “காரணத்த உண்மையா எழுதுங்க. இவங்க படிச்சுக் கையெழுத்துப் போட்டா நிழல் திரும்பிடும்” என்றார் வெயிலம்மா. விசாரணை நிமித்தம் என்று எழுதினார், நிழல் அசையவில்லை. குடும்பப் பாதுகாப்பு என்று எழுதினார். அது முதுகைக் காட்டிக்கொண்டது. கடைசியில் பொறாமை என்று எழுதினார். நிழல் ஒரு காலைத் தூக்கியது.

அவள் படித்தாள். “அது எங்க அண்ணன். அந்தப் பட்டறையிலதான் வேலை பாக்குறான். போன் முதலாளி பேர்ல இருக்கு. கல்யாணத்தன்னைக்கு வந்த வாய்த்தகராறுக்கு, வாசப்படி மிதிக்கக் கூடாது, பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றாள். அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெயிலம்மாவிடம் திரும்பினாள். “இது என்கிட்டயே இருக்கட்டும்மா. கூட உக்காந்து கேக்குது. எடுத்தெறிஞ்சு பேச மாட்டேங்குது.” வெயிலம்மா சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. நிழல் தூக்கிய காலைக் கீழே வைத்தது.

அவரை ஜன்னல் இல்லாத கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் பட்டறைப் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொண்டு, தையல் மெஷினோடும் நிழலோடும் போய்விட்டாள். வருஷங்கள் ஓடின. சாயங்காலம் அண்ணன் வருவான். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் அவள் நிழலும் இவர் நிழலும் தோளோடு தோளாகத் தெரியும். அவள் சிரிக்கும்போது இவர் நிழலின் தோளும் குலுங்கும். பதிவுக்காரர் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார். மீசைக்காரரை அவர் மறந்தே போனார். அவர் வயிறு எரிந்தது இப்போது அந்த நிழலைப் பார்த்துத்தான். தெருக்காரர்கள் கடந்து போகும்போது, அது சௌக்கியமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.