ஐப்பசி ஆற்றின் அளவு

1996 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, என் தம்பி கணேசலிங்கத்தின் மகள் வைதேகி ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ரயிலேறி ஹம் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பி இறந்து அப்போது நாலு வருடம். அவள் பல்கலைக்கழகத்தில் நீர்மின்சாரம் படித்துக்கொண்டிருந்தாள். இறுதி ஆய்வுக்கு அவள் எடுத்தது, சாம்பியாவில் தன் தகப்பன் பொறியியலாளராக நின்று கட்டிய சிறு மின்நிலையத்தை. அந்தச் செய்தியை ஹம்மில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லியிருந்தேன்.

தேநீர் ஆறுமுன் அவள் சில நகல் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள்.

“பெரியப்பா, ஆத்தின்ரை நீர்மட்டத்தை அப்பா ஆறு வருசம் நாளுக்கு நாள் பதிஞ்சிருக்கிறார். அதிலை முதல் ஒக்டோபர் பொய்.”

“வார்த்தையைப் பாத்துப் பேசு, பிள்ளை.”

“அந்த நாட்டிலை ஒக்டோபர்தான் ஆறு வத்திற மாசம். மற்ற அஞ்சு ஒக்டோபரும் அப்பிடித்தான் இருக்கு. இதிலை மட்டும் தண்ணி நாளுக்கு நாள் ஏறுது. இந்த முதல் வருசத்தை நம்பித்தான் பெரிய இயந்திரத்துக்கு ஓடர் குடுத்திருக்கினம். இண்டைக்கும் ஒவ்வொரு ஒக்டோபரும் அது நிண்டுபோகுது. அந்த ஊர் ஆஸ்பத்திரி டீசலிலை ஓடுது. டீசல் லொறி வராட்டி இருட்டிலைதான் பிள்ளைப்பேறு.”

என் மனைவி சுலோஜனா தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சமையலைக் கவனிக்கக் குசினிக்குள் போனாள்.

“செத்தவன்ரை பேரை ஜெர்மன்காரனுக்கு முன்னாலை இழுக்கவோ உன்னைப் படிப்பிச்சது?” என்றேன். “எங்கடை குடும்பத்திலை பொய்க்கணக்கு எழுதினவன் ஒருத்தனும் இல்லை. வேறை நிலையத்தை எடு.”

“ஏலாது. தண்ணி குறைஞ்ச காலத்திலையும் ஓடுற சின்ன இயந்திரம் ஒண்டு போட இஞ்சை ஒரு நிறுவனம் யோசிக்குது. அப்பான்ரை அளவு சரியெண்டால் இந்த வருசமே தொடங்கலாம். ஒரு மாசம் பொய்யெண்டால் எல்லாத்தையும் தள்ளு எண்டுறார் பேராசிரியர். தள்ளினால் திரும்ப மூண்டு வருசம் அளக்கவேணும். அந்த ஒக்டோபரிலை என்ன நடந்ததெண்டு தெரிஞ்சால்தான் மிச்சத்தைக் காப்பாத்தலாம். நீங்களும் அப்ப அங்கை இருந்தனீங்கள்தானே?”

குசினியிலிருந்து சுலோஜனாவின் குரல் வந்தது. “இருந்தவர். தண்ணி இல்லாமல் நான் பீப்பாயிலை வாங்கினதும் அதே மாசந்தான். இவர் மேசையிலை இருந்து மழை பெய்ய வைச்சவர்.”

வைதேகி என் முகத்தைப் பார்த்தாள். இனி மறைக்க வழியில்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கு நான் கணிதம் படிப்பிக்கப் போய் அப்போது ஒரு மாதம். தம்பி மலேரியாவில் கிடந்தான். மட்டம் பார்க்கும் ஆள் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. தலைநகரிலிருந்து மேலதிகாரி வரவிருந்தார். தாள் வெறுமையாகக் கிடந்தால் கணேசலிங்கம் கடமை தவறியவன் என்று பெயர் வரும். ஆறு இரண்டு மைல் பள்ளத்தில் இருந்தது. நல்ல வெயில். நான் போகவில்லை. ஒக்டோபர் நடுவில் ஐப்பசி பிறக்கும். ஐப்பசியில் மழை என்பதில் யாழ்ப்பாணத்தானுக்கு ஏது சந்தேகம். மாதம் முழுவதையும் ஒரே இருப்பில் நிரப்பினேன். காய்ச்சலோடு கிடந்த தம்பி, அண்ணையின் எழுத்து என்று வாசியாமலே கையொப்பம் வைத்தான்.

இவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன்.

“அப்பாவுக்குத் தெரியவே தெரியாதோ?”

“அடுத்த ஒக்டோபர் ஆறு வத்தினதைப் பாத்திருப்பான். அதுக்குள்ளை இயந்திரம் கப்பலேறீற்றுது. என்னை ஒண்டும் கேக்கேல்லை.”

“இயந்திரம் நிண்டபோது அவரைத்தானே பதவியிறக்கினவை.”

“ஓம்.”

“நீங்கள் வாய் திறக்கேல்லை.”

“இல்லை.”

அவள் அழவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். “எழுதித் தாங்கோ.”

எனக்கு ஜெர்மன் எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினேன். சுகவீனம், ஆள் பற்றாக்குறை, அனுபவமின்மை என்பவற்றால் அந்த மாத அளவுகளில் தவறு நேர்ந்தது என்று நாலு வரி. நடை நன்றாகவே வந்திருந்தது. அவள் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“ஆர் எழுதினது எண்டு இதிலை இல்லை, பெரியப்பா. ஆத்துக்குப் போகேல்லை எண்டதும் இல்லை. இதை வாசிக்கிறவைக்கு அப்பாதான் குற்றவாளி.”

முப்பது வருடம் மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தவன் நான். இன்னொரு தாள் கேட்டேன். ஆற்றுக்கு நான் ஒருநாளும் போகவில்லை, அந்த மாத எண்கள் அனைத்தையும் மேசையிலிருந்து நானே எழுதினேன், கையொப்பமிட்டபோது என் தம்பிக்கு அது தெரியாது என்று எழுதினேன். அடியில் முழுப்பெயரையும் இட்டேன்: நாகமுத்து சுந்தரராஜன். எங்களைப் பெற்ற ஐயாவின் பெயரும் என் பெயரோடு சேர்ந்தே அந்தத் தாளில் இறங்கியது.

வைதேகி நின்றபடி வாசித்தாள். “இது காணும், வேறை ஒண்டும் தேவையில்லை,” என்றாள். ஒக்டோபர்த் தாளைப் பிரித்து என் கடிதத்தோடு சேர்த்தாள். தகப்பனின் தாள்களை வேறாக அடுக்கி உறையிலிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி சுலோஜனா கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள் வைதேகி. கதவடியில் என்னிடம் “போட்டுவாறன், பெரியப்பா” என்று சொல்ல அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது. ஆனாலும் சொன்னாள்.