நனைந்த விரிப்பின் எடை

எட்டு வருடம் என்பது லேசான காலமில்லை. அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, பால்பல் விழுந்து, வாய்ப்பாடே ஒப்பித்துவிடும். நம் திருகாணிக்கு அந்த எட்டு வருடமும் பகலில் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையிலும், மாலையில் பல்கலைக்கழகத்தின் பகுதிநேர வகுப்பிலுமாகக் கழிந்தது. திருகாணி என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் கடிகாரம், தையல் மெஷின், அண்ணனின் சைக்கிள் மணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றுவாள். திரும்ப மாட்டிவிட்டு, மிச்சம் நிற்கும் ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வயதிலும் விடவில்லை.

பட்டத்துக்கு இன்னும் நாலே நாலு கிரெடிட்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு சட்டம்: பகுதிநேரமாகப் படிப்பவர்கள் எட்டு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் முன்பு வாங்கிய கிரெடிட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் காலாவதியாகிவிடும். இது எட்டாவது வருடத்தின் கடைசிப் பருவம்.

அந்த நாலு கிரெடிட்டுக்கு வகுப்பும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. மாணவரே ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்க ஒரு கருவியைத் தானே யோசித்து, தானே செய்து, அது புழங்கும் இடத்திலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். கூடவே பக்க எண் அச்சடித்த ஒரு கெட்டி நோட்டு. அதில் எதையும் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி குறிக்க வேண்டும்.

குறையைத் தேடி அவள் ஊரெல்லாம் அலையவில்லை. அது வீட்டிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடமாடியது. அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பத்து வருடம் ஈரத் துணியை வண்டியிலிருந்து அள்ளி டிரையருக்குள் போட்டாள். இடுப்பு போன பிறகு, கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அந்தத் தள்ளுவண்டி தொட்டி மாதிரி ஆழம். அடியில் கிடக்கும் துணியை எடுக்கத் தலையையே உள்ளே விட வேண்டும். வௌவாலாகப் பிறந்திருந்தால் இந்த வேலைக்குத் தோதாக இருந்திருக்கும் என்று அங்கே பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

திருகாணியின் யோசனை எளிமையானது. வண்டிக்குள் ஒரு தட்டு, நாலு மூலையிலும் ஸ்பிரிங்கில் தொங்கும். துணி ஏற ஏறத் தட்டு இறங்கும். துணியை எடுக்க எடுக்க மேலே வரும். துணி எப்போதும் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்கும்.

ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்குப் போட விரிப்பின் எடை தெரிய வேண்டும். எடை போட நாலைந்து விரிப்பு காட்டும்படி அண்ணியிடம் கேட்டாள். அண்ணி சும்மா கையில் கிடைத்ததையா கொடுப்பாள்? பல்கலைக்கழகத்துக் காரியமாயிற்றே என்று, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாத ஐந்து விரிப்புகளைப் பொறுக்கி எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தராசில் வைத்தால் ஒன்று அரைக் கிலோ. வண்டிக்கு நாற்பது விரிப்பு, ஆக இருபது கிலோ. நோட்டில் ஏறியது. ஸ்பிரிங்கும் செய்தாயிற்று. நாளெல்லாம் பம்போடும் தண்ணீரோடும் புழங்குகிறவள், தண்ணீருக்கும் எடை உண்டு என்பதை அன்றைக்குப் பார்த்து மறந்துபோனாள். தெரிந்த விஷயத்தில்தான் கண்ணுகளா, நமக்குக் கண் மறைக்கும்.

வியாழக்கிழமை முதல் ஓட்டம். மெஷினிலிருந்து நாற்பது ஈர விரிப்புகளை அள்ளிப் போட்டார்கள். பாதிக்கு மேல் ஏறியதுமே தட்டு தடாலென்று வண்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. ஏறக்குறையப் பாதித் துணியை எடுக்கும்வரை அசையவே இல்லை.

"என்ன திருகாணி, தட்டு படுத்துடுச்சு? எங்க இடுப்பப் பாத்துக் கத்துக்கிச்சோ?" என்றாள் பெரிய மெஷினை ஓட்டும் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். திருகாணியும் சிரித்தாள். ஈர விரிப்பைத் தராசில் போட்டாள். எண்ணூறு கிராமுக்கு மேலே நின்றது. திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தேர்வு. புது ஸ்பிரிங் செய்ய ஒரு வாரமாவது ஆகும். தோற்ற ஓட்டத்தை உள்ளபடி நோட்டில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கினாள். தையல் அறை வாசலில் அண்ணி வாயில் கை வைத்தபடி நின்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருகாணி கடை கடையாக ஏறி இறங்கினாள். அந்த நீளத்துக்கு அந்தப் பலத்தில் ஸ்பிரிங் எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி, கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வண்டியின் நாலு மூலையிலும் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பின்னல், பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜடை மாதிரி இறுக்கமாக. தொட்டால் எலாஸ்டிக். மெத்தைக்கு மாட்டும் விரிப்பின் ஓரத்தில் சுற்றிலும் வைத்துத் தைப்பார்களே, அது. கழித்துப் போட்ட விரிப்புகளிலிருந்து உருவி, ஒன்பது ஒன்பது இழையாகச் சேர்த்துப் பின்னியிருந்தது. ஈரத் துணியைப் போட்டுப் பார்த்தாள். தட்டு மெதுவாக இறங்கியது. எடுக்க எடுக்கச் சமர்த்தாக ஏறி வந்தது.

அண்ணி அவளைத் தையல் அறைக்குள் இழுத்தாள்.

"நீதான் செஞ்சன்னு சொல்லு. நான் இந்த ரூமை விட்டு வெளியவே வர மாட்டேன்."

"அண்ணி, அது முடியாது..."

"காஞ்ச துணியக் குடுத்து உன்னைக் கவுத்தது நான். இதுல போயி எட்டு வருசம் வீணாகக் கூடாது. வாய மூடிக்கிட்டு வாங்கிட்டு வா."

மீதி நேரத்தில் திருகாணி ஒரு காரியம் செய்தாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த தொங்குதராசைக் கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு பின்னலும் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, சரியான ஸ்பிரிங் எந்தப் பலத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கை முடித்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அதில் உறுதிமொழி அச்சடித்திருந்தது: இந்த வேலை முழுக்க முழுக்க என்னுடையது. கீழே கையெழுத்துக்கு இடம்.

பேனா அங்கேயே நின்றது. கையெழுத்துப் போட்டால் பட்டம், கேட்பார் இல்லை. உண்மையை எழுதினால் விதி என்ன சொல்லுமோ, யாருக்குத் தெரியும்? கணிதத்தில் இரண்டாம் முறையும் தோற்று வந்த அன்று, போதும் நிறுத்து என்றான் அண்ணன். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று, இன்னொரு தடவை எழுதட்டும் என்று சொன்னது யார்? அந்த மனுஷியின் வேலையைத் தன் பெயரில் எழுதுவதா? அதற்குக் கை வரவில்லை.

'முழுக்க முழுக்க' என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் தேதி. கீழே எழுதினாள்: நாலு பின்னல்களும் என் அண்ணி யோசித்துச் செய்தவை. ஈர எடையைப் பார்க்கத் தவறியது நான்.

வழிகாட்டிப் பேராசிரியையும் வெளித் தேர்வாளரும் வந்தார்கள். தேர்வாளர் லிஃப்ட் கம்பெனியில் பொறியாளர். ஏறி இறங்கும் தட்டு என்றால் அவருக்கு அத்துப்படி. பின்னலைச் சுண்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பேராசிரியையின் முகம் வாடியது.

"இந்த அண்ணி எங்கே?" என்றார் தேர்வாளர்.

கூட்டி வந்தார்கள். ஒன்பது இழை எதற்கு என்று கேட்டார்.

"ஏழு போட்டேன் சார், தொங்கிடுச்சு. பதினொண்ணு போட்டேன், வெறச்சுக்கிட்டு இறங்கவே இல்ல. துணியெல்லாம் வழிஞ்சு தரையில விழுந்து, மெஷின்கார அக்காகிட்ட திட்டு வாங்கினேன். ஒன்பதுல ஒத்து வந்துச்சு."

அவர் திருகாணி பக்கம் திரும்பி, இது எத்தனை நாள் தாங்கும் என்றார். டிரையர் சூட்டில் மூன்று மாதம்கூட வராது, அதற்குள் சரியான ஸ்பிரிங் மாட்ட வேண்டும் என்று சொல்லி, காலையில் போட்ட கணக்கைக் காட்டினாள்.

இருவரும் இஸ்திரி மெஷின் ஓரமாக ஒதுங்கிப் பேசினார்கள். அந்த இரைச்சலில் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அண்ணி திருகாணியின் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

பேராசிரியை வந்து சொன்னார்: "கிரெடிட் நாலும் உண்டு. யார் செஞ்சதுன்னு மறைச்சிருந்தாதான் விதி குறுக்க வந்திருக்கும். ஆனா காஞ்ச துணிய எடை போட்டதுக்கு கிரேடுல ஒரு படி குறையுது."

"அந்தப் படிய என் கணக்குல எழுதிக்கங்க. துணி குடுத்தது நான்தான்" என்றாள் அண்ணி.

"உங்களுக்கு இங்க கணக்கே இல்லையேம்மா," என்றார் லிஃப்ட்காரர். சிரித்துவிட்டு, திருகாணியிடம் மெதுவாகச் சொன்னார்: "முதல் நாளே இவங்ககிட்ட துணிய மட்டும் கேக்காம வேலையப் பத்தியும் கேட்டிருந்தா, அந்தப் படி தப்பிச்சிருக்கும்."

அவர்கள் போன பிறகு திருகாணி தையல் அறையில் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மெஷின்கார அக்கா வாசலில் எட்டிப் பார்த்து, இன்னொரு வண்டிக்கும் இப்படிக் கட்டித் தரச் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏண்டி, கிரெடிட்னா கையில என்ன குடுப்பாங்க?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க அண்ணி. பேருக்கு நேரா ஒரு எண் எழுதுவாங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா நேத்து விரல் தேயத் தேயப் பின்னினேன்?"

திருகாணிக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. ஆனால் நன்றி என்ற சொல் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால், நான் என்ன வேற்று மனுஷியா என்று சண்டைக்கு வருவாள் அண்ணி. அதனால் வாயைத் திறக்காமல், கழித்துப் போட்ட விரிப்பு ஒன்றை மடியில் இழுத்துப் போட்டு, எலாஸ்டிக்கை உருவ ஓரத்தில் தையலைத் தேடினாள்.

"பல்லால கடிக்காத. கத்திரி ஜன்னல்ல இருக்கு," என்றாள் அண்ணி. "அப்புறம், எந்திரி. அது என் ஸ்டூலு."