அன்பு கம்பெனிக்குச் சொத்தே இல்லை

சின்ன மாப்பிள்ளை அன்புச்செல்வன் கார் வாங்கியதைக்கூடப் பெரிய மாப்பிள்ளை குணா பொறுத்துக்கொண்டான். ஆனால் மாமனார் அரசப்பன், கடம்பத்தூர் நிலத்தை அன்பு வேலை பார்க்கும் வீடு கட்டும் கம்பெனிக்கே கொடுக்கப் போகிறார் என்று கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நிலத்துக்குப் பதிலாக, கட்டுகிற வீடுகளில் பங்கு. கம்பெனி நடுவில் படுத்துவிட்டால் நிலமும் மாட்டிக்கொள்ளும், வீடும் வராது.

“நீங்க கணக்குல புலி மாப்ள. கம்பெனி தாங்குமானு பாத்து சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்” என்றிருந்தார் அரசப்பன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கணக்குப் பிரிவு குணாவுக்கு. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்ததும் ‘சொத்தும் உபகரணமும்’ பக்கத்துக்குத்தான் போனான். அவன் ஆலையில் உலை, கிரேன், கொட்டகை எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். இங்கே இருந்ததோ ஆபீஸ் கம்ப்யூட்டர், சில வண்டிகள், மாதிரி வீட்டு சோபா, கட்டில். அதிலும் தேய்மானம் போகச் சொச்சம். குணாவுக்கு அன்று சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில், எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தான்.

“ஒண்ணுமில்ல மாமா. வண்டியும் சோபாவும்தான். இத நம்பியா நெலத்த குடுப்பீங்க?”

அன்பு கோபப்படவில்லை. அதுதான் குணாவை இன்னும் எரித்தது.

“அண்ணே, உங்க மில்லுல விக்கிறதுக்கு அடுக்கி வச்சிருக்கிற கம்பிய எந்தக் கணக்குல எழுதுவீங்க?”

“சரக்கிருப்புல.”

“எங்களுக்கு ஊடுதான் கம்பி. நெலமும் அதே கணக்குதான். நாங்களே வச்சிக்கினு பொழங்குறது மட்டும்தான் நீங்க படிச்ச பக்கம்.”

குணாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. சரக்கிருப்புப் பக்கத்தைப் புரட்டி, விற்காத வீடுகள் குவிந்து கிடக்க வேண்டுமே என்று வரி வரியாகத் தேடினான். கட்டி முடித்தும் போகாமல் நின்றவை மிகக் குறைவு. கடன் பக்கம் போனான். அதுவும் லேசுதான்.

“இன்னா மாப்ள, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?” என்று குணாவைக் கேட்டார் அரசப்பன்.

வேணாம் என்று ஒரு சொல் போதும். தொண்டைவரை வந்துவிட்டது. எதிரே அன்பு, அந்தப் பக்கங்களைப் படித்தவன், புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

“தாங்கும் மாமா. குடுக்கலாம்.”

“பெரிய மாப்ளயே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா” என்று எழுந்த அரசப்பன், அன்புவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். குணாவின் தோளும் பக்கத்திலேயேதான் இருந்தது.