நெற்றிக் கயிறு

தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கிய கூட்டத்தில் கருத்தம்மாள் மட்டும்தான் தனியாள். இலங்கையில் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவளுக்கு, அப்பனும் பாட்டனும் பிறந்த இந்தியாதான் அந்நிய நாடு. எங்கே பார்த்தாலும் மணல். 'இதென்ன ஊரு, கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒரு மலை கிடையாதா!' என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

துணியை மடித்து நெற்றியில் வைத்து, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டி, தகரப் பெட்டியை முதுகில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கொழுந்துக் கூடை சுமந்தவள் வேறெப்படிச் சுமப்பாளாம்? ஆனால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். "ஏலே, அங்க பாருங்கடா, பொதிமாடு ரெண்டு கால்ல வருது!" என்றான் ஒரு போர்ட்டர். கருத்தம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கயிற்றைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, பெட்டியை இழுக்காத குறையாக ரயிலேறினாள்.

எதிரே கருவாட்டுக் கூடையோடு இருந்த அக்காள்மடத்து யாகப்பம்மாள் சும்மா விடுவாளா?

"எங்கடி போற? கூட யாரு வந்திருக்கா?"

"எங்க வீட்டு ஆளு அடுத்த பெட்டியில இருக்காரு." தனியாகப் போகிற பொம்பளை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"போடி இவளே! நீ ஒத்தையில இறங்குனதை நான்தான் பார்த்தேனே. ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல, கடல் தாண்டி வந்துட்டா!"

கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகள் சேதுலட்சுமிக்கு நாலு வயதில் காது குத்த, முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்த புருஷன் கூத்தையா, இங்கேயே காலராவில் போய்விட்டான். பிள்ளை அத்தை வீட்டில் தங்கிவிட்டது. கடல் தாண்டி வர பெர்மிட், பெர்மிட் என்று அலைந்தே கருத்தம்மாளுக்கு நாலு வருஷம் ஓடிப்போயிற்று. அது கைக்கு வந்த சமயத்தில் நாத்தனார் ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள்: பிள்ளைக்கு உன் முகமே ஞாபகமில்லை, வந்து ஏமாந்து போகாதே.

"இன்னொரு தரம் விடமாட்டாங்கக்கா. அவ என்கூட வரமாட்டேன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

"மறந்திருந்தா மறந்துட்டுப் போகட்டும். சின்னப் பிள்ளைதானே. நீ போயி முன்னால நில்லு. கட்டிப்புடிச்சு அழுது பயங்காட்டிராத" என்றாள் யாகப்பம்மாள். பாம்பனில் இறங்கும்போது, "ராமநாதபுரத்துல இறங்கி பஸ் ஏறு. தூங்கிறாத!" என்று ஜன்னல் வழியாக ஒரு அதட்டலும் போட்டாள்.

அவள் போனதும் கருத்தம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலத்தில் ரயில் போகையில் கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்று, "இதா ராமநாதபுரம்?" என்று கேட்டாள். "வந்தாச் சொல்றேன்னு சொன்னேன்லம்மா!" என்று பக்கத்திலிருந்தவர் கடுகடுத்தார். பிறகு பஸ். தொண்டை வறண்டும் தண்ணீர் குடிக்க இறங்கவில்லை. பஸ் விட்டுவிட்டுப் போய்விட்டால்? வழியெல்லாம் உடைமரமும் புழுதியும். 'சேது' என்று கூப்பிடுவதா, பழையபடி 'பாப்பா' என்றா? மனசுக்குள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நாத்தனார் பிச்சையம்மாள் தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. "விறகுக்குப் போயிருக்கா, வந்துருவா. ஒண்ணு சொல்லிப்புட்டேன். அவளா வந்தாக் கூட்டிட்டுப் போ. கையைப் புடிச்சு இழுக்கக் கூடாது."

கண்மாய்க் கரையில் சிறுமிகள் வரிசையாக வந்தார்கள். எல்லாம் ஒரே உயரம், எல்லா முகத்திலும் ஒரே புழுதி. இதில் எது என் பிள்ளை? கருத்தம்மாள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிள்ளை மறந்துவிட்டது என்று கடல் தாண்டிப் புலம்பிக்கொண்டு வந்தாளே, இப்போது அவளுக்கல்லவா அடையாளம் தெரியவில்லை!

எல்லோர் தலையிலும் சும்மாடு, அதன்மேல் விறகுக் கட்டு. கடைசியாக வந்தவள் மட்டும் கட்டை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டிக் குனிந்து வந்தாள்.

"அந்தா வாரா உன் மக" என்று பிச்சையம்மாள் சலித்துக்கொண்டாள். "தலையில வையிடின்னாக் கேக்க மாட்டேங்குறா. ஊரே சிரிக்குது. இதை எங்க படிச்சாளோ!"

'சேது'வும் மறந்தது, 'பாப்பா'வும் மறந்தது. கருத்தம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையின் நெற்றிக் கயிற்றைத் தூக்கினாள். அடியில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. வந்ததே கோபம்!

"ஏண்டி, துணியை மடிச்சு வைக்காம வெறுங் கயித்தையா போடுவாங்க? நெத்தி பிஞ்சு போச்சே!"

பிள்ளை விறகோடு நிமிர்ந்து அவளையே பார்த்தது.

"அடியில துணி வைக்கணுமா?" என்றது. "நீ மழைக்குக் கம்பளியத் தலையோட போட்டு மூடியிருப்ப. எனக்குத் தெரியலையேம்மா."