கீழே வைத்த காபி

மஆன் என்ற பாலைவன ஊருக்குக் கிழக்கே சாலை போட வந்த நார்வேக்காரர் ஸ்டைனாருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். சாலை, அங்கே ஒட்டகம் மேய்க்கும் கூட்டத்தின் பெரியவர் முத்லக்கின் மேய்ச்சல் நிலத்தை ஒட்டிப் போகிறது. மரியாதைக்கு ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று அவரை முத்லக்கின் கூடாரத்துக்கு அழைத்துப் போனேன். போன குளிர்காலத்தில் முத்லக்கின் இளைய மகன் எங்கள் லாரியில் அடிபட்டு இறந்திருந்தான். ஓட்டுநர் ஸுஹைர் சிறையில் இருந்தான்.

"ஒட்டகத்தவிட உசரமா இருக்காரே, அவ்வாத்! காலை எங்க மடக்குவாரு?" என்று முத்லக் என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூத்த மகன் நாயிஃப் மட்டும் சிரிக்காமல் காபி ஊற்றினான்.

ஸ்டைனார் கோப்பையை வாங்கி, சூடு ஆறட்டும் என்று கம்பளத்தில் வைத்தார்.

சிரிப்பு அடங்கியது. எங்களிடையே காபியைக் குடிக்காமல் கீழே வைப்பவன் பெரிய வேண்டுதலோடு வந்தவன். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பான். உயிர்ப்பழிக்கு மன்னிப்புக் கேட்பவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும் நான்.

"இதுக்குத்தான் வந்தீங்களா? அந்த டிரைவருக்காகவா?" என்றார் முத்லக்.

ஸ்டைனாரின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியாம வச்சிட்டேன்னு சொல்லிடேன்."

"செத்த பையனை வச்சு விளையாடறோம்னு நினைப்பாங்க, சார்."

அவர் முகம் வெளிறியது. "அப்ப நிஜமாவே கேளு. ஸுஹைரை மன்னிக்கச் சொல்லு."

கேட்டேன். முத்லக் கம்பளத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு, "விருந்தாளியை வெறும் வாயோட அனுப்பினேன்னு எனக்குப் பேர் வேணாம். மன்னிச்சேன். குடிக்கச் சொல்லு" என்றார்.

ஸ்டைனார் குடித்தார். நாயிஃப் எழுந்து வெளியே போனான்.

கிளம்பும்போது எங்கள் வண்டிக் கதவை அவனே திறந்துவிட்டான். "வாக்கு குடுத்தது அப்பா, அண்ணே. அவர் இருக்கறவரைக்கும் ஸுஹைர் மேல தூசி விழாது. உங்க சார்கிட்ட சொல்லு, அப்பாவுக்கு எண்பத்தோரு வயசு."

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஸுஹைர் விடுதலையானான். எங்கேயாவது போய்விடு என்று கெஞ்சினேன். "அதான் மன்னிச்சிட்டாங்களே" என்று மறுபடி லாரியில் ஏறினான்.

முத்லக் இறந்த காலையில்தான் ஸ்டைனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதியத்துக்குள் ஸுஹைரை, வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் இர்பித்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினோம். வேறு யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். நாயிஃப் என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"இர்பித்ல இப்ப நல்ல குளிராமே. ஸுஹைர் கம்பளி எடுத்துட்டுப் போனானா, அண்ணே?"