ஏரிக்குப் போன இரண்டு ஓட்டுகள்

ஓட்டு விலைமதிப்பில்லாதது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். ஒஹாயோவின் ப்ளம் க்ரீக்கில் அதற்கு இருபது வருடமாக நிலையான ஒரு விலை இருந்தது: ஒரு லீலண்ட் ஓட்டுக்கு ஒரு எம்மெட் ஓட்டு. கைமாற்று வியாபாரம். பேரம் கிடையாது, பாக்கியும் கிடையாது.

லீலண்ட் ஹோஃபாக்கர் மாட்டுத்தீவனக் கடைக்காரர். குடியரசுக் கட்சி அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பக்கத்து வீட்டு எம்மெட் கொவாச் லாரித் தொழிற்சாலையில் யூனியன் ஆளாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜனநாயகக் கட்சி. ஒரு தேர்தலுக்கு முந்தின நாள் இருவரும் வேலிக்கு இருபுறமும் நின்று கத்திய கத்தலில், எதிர்ப் பண்ணையின் பசு கறவைக்கு நிற்கவில்லை என்று புகார் வந்தது. லீலண்டின் மனைவி ஜெனெட்தான் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தாள்.

"உங்க ரெண்டு ஓட்டும் எப்படியும் ஒண்ணையொண்ணு தின்னுடப்போகுது. அதுக்கு எதுக்கு வரிசையில நிக்கணும்? போய் மீன் பிடிங்க."

அன்று முதல் ஒவ்வொரு தேர்தல் நாளும் ஈரி ஏரிக்கரையில்தான். வாக்குச்சாவடி மூடும்வரை இருவரும் பெர்ச் மீனைப் பார்ப்பதைவிட ஒருவரை ஒருவர்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்தலுக்கு முன்னால் அரசியல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதுவும் ஜெனெட் போட்ட சட்டம். மறுநாள் காலை டார்லாவின் சாப்பாட்டுக் கடையில் பான்கேக் தட்டு முன்னால் வாய்ப்பூட்டு கழன்றுவிடும்.

இந்த முறை ஆளுநர் நாற்காலி லீலண்ட் கட்சிக்கு. வாஷிங்டனில் கீழவை எம்மெட் கட்சிக்கு. ஆக, மார்தட்ட ஆளுக்கு ஒன்று, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆளுக்கு ஒன்று.

"பணக்காரனுக்கு வரியைக் குறைச்சா அந்தக் காசு வழிஞ்சு எங்கிட்ட வரும்னு உங்காளுங்க சொல்லுறாங்க. முப்பது வருசமா சட்டைப்பையைத் தொறந்து வச்சுட்டு நிக்கிறேன்யா," என்றார் எம்மெட்.

"உன் பையில ஓட்டை, அதுக்குக் கட்சி என்ன பண்ணும்? என் கடையில இருக்கிறது ஒரு தராசு. அதைப் பார்க்க மூணு இன்ஸ்பெக்டர். அவங்க சம்பளமும் நான் கட்டுற வரி."

"அந்த மூணு பேரும் இல்லேன்னா தராசு உன் பேச்சைத்தானே கேக்கும். எனக்கு உன்னைத் தெரியாதாக்கும்!"

இறக்குமதி வரியில் மட்டும் விவாதம் தடம்புரண்டது. எம்மெட் அதை ஆதரித்தார், லீலண்ட் எதிர்த்தார். இருவருமே தத்தம் கட்சி சொன்னதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பாதியில்தான் உறைத்தது. சங்கடத்தோடு ஆளுக்கொரு வாய் காபி குடித்தார்கள்.

கோப்பையை நிரப்ப வந்த டார்லா, "கண்ணுங்களா, ஆளுநரை விடுங்க. நம்ம ஆம்புலன்ஸ் தோத்துப்போச்சு தெரியுமா? ஒரே ஒரு ஓட்டு," என்றாள்.

வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்த கேள்வி அது. வீட்டு வரியில் கொஞ்சம் கூட்டி, ஊருக்கென்று இருக்கும் ஆம்புலன்சை இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாமா? வேண்டாம் என்று முடிந்துவிட்டதால் புத்தாண்டோடு வண்டி நின்றுவிடும். அடுத்த ஊரிலிருந்து வர அரைமணி நேரம் ஆகும். போன வசந்தத்தில் ஜெனெட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சரிந்தபோது, லீலண்ட் போனை வைப்பதற்குள் வந்து நின்ற வண்டி அது.

லீலண்டின் முள்கரண்டி அப்படியே நின்றது. அவர் எம்மெட்டைப் பார்த்தார். நல்லவேளை, இவனையாவது ஏரிக்குக் கூட்டிப்போனோம். கோடை முழுக்க வீட்டு வரி ரசீதை ஆட்டி ஆட்டிப் புலம்பியவன். நிச்சயம் 'வேண்டாம்' ஆசாமி. என் 'வேண்டும்' போனாலும் அவன் 'வேண்டாம்' கழிந்தது. நஷ்டமில்லாத வியாபாரம்.

எம்மெட்டும் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, சந்தோஷம்தானே? வரியைத் தோக்கடிச்சாச்சு. உன்னை மட்டும் நான் ஏரிக்கு இழுத்துட்டுப் போகலேன்னா ரெண்டு ஓட்டுல தோத்திருக்கும்."

"யோவ், நில்லு. என் ஓட்டு எந்தப் பக்கம்னு நினைச்ச?"

"வரின்னா உனக்கு மேல் சுவாசம் வாங்குமே."

"என் பொண்டாட்டியக் காப்பாத்தின வண்டிய்யா அது!"

"அப்ப நீ..."

"நீதானே ரசீதை ஆட்டிக்கிட்டுத் திரிஞ்ச?"

"புலம்பினேன். புலம்புறது வேற, போடுறது வேற. ஜெனெட் உனக்குப் பொண்டாட்டின்னா எனக்கு யாரு, அசலாளா?"

பான்கேக் மேல் ஊற்றிய பாகு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடம் சரியாக நடந்த வியாபாரத்தில், சரக்கைப் பிரித்துப் பார்க்கவே இல்லை என்பது லீலண்டுக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஆனால் அவமானத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி எழுந்தது: அப்படியானால் வேண்டாம் என்று போட்டது யார்?

நாற்காலியோடு திரும்பி, கடையில் உட்கார்ந்திருந்த விவசாயி வெண்டலைக் கேட்டார். அவர் லீலண்டைவிடத் தீவிரமான குடியரசுக் கட்சிக்காரர்.

"வேணும்னுதான் போட்டேன். டிராக்டருக்கு அடியில கிடக்கிறவன்கிட்ட எந்தக் கட்சின்னா கேக்க முடியும்?" என்றார் வெண்டல், மெல்லுவதை நிறுத்தாமல்.

ஜன்னலோரம் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் மார்லிஸ் எம்மெட்டின் கட்சி. "நான் வேண்டாம்னு போட்டேன்," என்றாள். "முறைக்காதீங்க எம்மெட். வீட்டு வரி ஏறினா என் வீட்டுச் சொந்தக்காரன் வாடகையை ஏத்துவான். ஏற்கெனவே ராத்திரியில வேற வேலை பார்க்கிறேன். உங்க கட்சிக் கூட்டத்துல ஏழைக்கு ஏழைக்குன்னு பேசுறாங்களே, அந்த ஏழை நான்தான்."

எம்மெட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். லீலண்ட் காசை மேசையில் வைத்தார். அவள் கணக்கிலும் தப்பில்லையே.

வெளியே வந்ததும் எம்மெட் சொன்னார்: "மே மாசம் மறுபடி வாக்குச்சீட்டுல வைப்பாங்க. அதுவரைக்கும் என் டிரக் உன் வாசல்லயே நிக்கட்டும். சாவியும் அதிலேயே இருக்கும்."

"உங்க தொழிற்சாலையில நீ செஞ்ச டிரக்கா? குளிர்ல அதை எழுப்பவே ஒரு ஆம்புலன்ஸ் வேணும்."

"ஆனா வரும். அடுத்த ஊர் வண்டிக்கு முன்னால வரும்."

லீலண்ட் தலையாட்டினார். நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

வீட்டில் ஜெனெட் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு, நம்ம வண்டி?"

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். டார்லா சொன்னது, வெண்டல் சொன்னது, மார்லிஸ் சொன்னது. எம்மெட் சொன்னதைக் கடைசியாகச் சொன்னார்.

"அவனும் வேணும்னுதானா?"

"அவனும்."

ஜெனெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிக்கப்போகிறாளா, அழப்போகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மீன் பிடிக்கப் போகச் சொன்னவள் அவள்தானே.

"எண்ணிக்கையைச் சரியாச் சொல்லு," என்றாள்.

"வேணும், அறுநூத்திப் பதினொண்ணு. அதுல ஒண்ணு உன்னோடது. வேண்டாம், அறுநூத்திப் பன்னெண்டு." அவர் தொப்பியை ஆணியில் மாட்டினார். "ஊருக்கு நாங்க பாக்கி, ரெண்டு."