பின்னால் போகும் பீரங்கி

விடுப்பு மறுக்கப்பட்டதால், ஹவில்தார் மாசிலாமணி பீரங்கியைச் சுட்டே ஊருக்குப் போவதென்று முடிவு செய்தார்.

வடக்கு எல்லைப் பனிமலையில் அவர் காத்தது ஒரு பழைய மலைப் பீரங்கி. ஆறு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றலாம். பூட்டிச் சுட்டால் குண்டு முன்னால் போகும், பீரங்கி பின்னால் போகும். அந்தக் காலத்துப் பீரங்கிகள் பத்தடி உதைத்துக்கொள்ளும். இது முப்பது மைல் உதைத்தது. யாரும் குறை சொன்னதில்லை.

மணிக்கு ஒரு குண்டு சுட வேண்டும். பீரங்கியை விட்டு நகரக்கூடாது. இந்த உத்தரவைப் படித்துக் காட்டித்தான் சுபேதார் விடுப்பை மறுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆரணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு இவர் ஒரே தாய்மாமன். இவர் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார்.

மாசிலாமணி குழாயை வடக்கே திருப்பினார். பீரங்கியின் வாலில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். எதிர்மலையில் எதிரிப் படைக்காரர் ஒருவரும் தம் பீரங்கியோடு பின்னால் போய்க்கொண்டிருந்தார். இருவரும் கையசைத்துக்கொண்டார்கள். அவர் வீட்டில் என்ன விசேஷமோ! பனி போய்க் கோதுமை வயல் வந்தது.

ஒரே தொல்லை, பட்டறை மெக்கானிக் தேவசகாயம். எண்ணெயும் சுருள்வில்லும் அடைத்த உருளை ஒன்றைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு விடாமல் பின்தொடர்ந்தார். அதைப் பூட்டினால் குழாய் மட்டும் பின்னால் போய்த் தானே திரும்பிவிடும், சக்கரம் அசையாது. உலகத்துப் பீரங்கியெல்லாம் எப்போதோ அப்படி மாறிவிட்டதாம். அவர் கிட்டே வரும்போதெல்லாம் மணி அடித்தது, மாசிலாமணி சுட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக் குண்டு அவரைத் தங்கை வீட்டுப் பந்தலுக்குள் கொண்டுவந்து விட்டது. மச்சான் இரண்டு நாற்காலிகளை நகர்த்தி இடம் கொடுத்தார். மாசிலாமணிக்கு மனம் நிறைந்துபோனது. இட்லியைப் பிட்டபோதுதான் உறைத்தது.

"பத்து மணிக்குச் சுடணும்மா," என்றார்.

"சுட்டா?"

"செஞ்சிக்குப் போயிடுவேன்."

"பாப்பாவும் உன் மடியில செஞ்சிக்கு வருமா?" என்று கேட்டாள் தங்கை கமலவேணி.

யார் கண்ணில் இரண்டு நாளாக மண்ணைத் தூவினாரோ அந்தத் தேவசகாயத்துக்காக மாசிலாமணி இப்போது தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கழுதை தெருமுனையில் திரும்பியது. தேவசகாயம் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார்.

"பீரங்கியோட நிரந்தர இடம் எதுன்னு எழுதுங்க. எழுதாம பூட்ட முடியாது."

மாசிலாமணி சற்று யோசித்துவிட்டு, 'பந்தல்' என்று எழுதினார்.

"அப்படி ஒரு இடம் ராணுவத்துல இருக்கா?" என்று அவரே கேட்டார்.

"இப்ப இருக்கு," என்றார் தேவசகாயம். திருகாணிகளை முடுக்கினார்.

பத்து மணி. மாமன் மடியில் குழந்தை, கையில் கயிறு. ஆசாரி தலையசைத்தார். குண்டு வடக்கே போனது. குழாய் இரண்டு முழம் பின்னால் வந்து, நிதானமாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. மடி அசையவில்லை. குழந்தை வாயைப் பிளந்து குழாயைப் பார்த்ததில் அழ மறந்துவிட்டது. காதில் தோடு ஏறியிருந்தது.

இன்னொரு காதைத் திருப்பச் சொன்னார் ஆசாரி.

"அதைப் பதினோரு மணிக் குண்டுக்கு வச்சுக்கலாம்," என்றாள் கமலவேணி. "எங்க அண்ணன் இனிமே எங்கயும் போவாது."